கரிசக்காட்டுல சாப்பிட என்ன கிடைக்கும்?

அருப்புக்கோட்டைக்குப் போறேன்னு சொன்னதும் நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: "விருதுநகர்ல இறங்கி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாம வந்துடாதே." சாப்பிட்டேன். ரெண்டு நாளில் மூணு வேளை (வீட்டுக்குத் தெரிய வேண்டாம் :-)). எண்ணெயில் மொறுமொறுன்னு பொரித்தெடுத்து, நொறுக்கி, சால்னாவில் குளிப்பாட்டித் தருகிறார்கள். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊரில் பரோட்டாவை எண்ணெயில் முக்கத் தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனா அது இந்த மண்ணோட சாப்பாடு இல்லை. இந்தக் கரிசலில் கோதுமை விளையாது. 1954ல் அமெரிக்கா போட்ட பி.எல்.480 சட்டத்தின்கீழ் 1956 தொடங்கி இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. நம்ம பக்கம் பரோட்டாக்கடை பெருகினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். அப்ப அதுக்கு முந்தி இந்தச் சனங்க எதைத் தின்னு, எதைக் குடிச்சு வளர்ந்தாங்க?

முதலில் குடிக்கிற சமாச்சாரம். அருப்புக்கோட்டையில் சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் ஒரு சுத்து சுத்தினால் போதும், தள்ளுவண்டியில் ஆவி பறக்கப் பருத்திப்பால். வெளியூர்க்காரங்க பேரைக் கேட்டதும் "துணி நெய்யற பருத்தியா?"ன்னு முழிப்பாங்க. அதே பருத்திதான். கொட்டையை முதல்நாளே ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பாலெடுத்து, கொஞ்சம் அரிசிமாவு கரைத்துவிட்டு, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டுக் காய்ச்சுவார்கள். மேலே தேங்காய்ப்பூ. பாயசத்துக்கும் கஞ்சிக்கும் நடுவில் ஒரு பதம். அடித்தொண்டையில் சுக்கு லேசாகச் சுரீர் என்கிறது. நன்றாகக் கொதிக்கவிடணும். பச்சைப் பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்று ஒரு நச்சுப்பொருள் உண்டு. மாடு ஓரளவு தாங்கும், மனுச வயிறு தாங்காது. சூட்டில் அது பெருமளவு அடங்கிவிடும். இந்த ரசாயனம் எல்லாம் தெரியாமலே பக்குவமாகக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள் நம்மாட்கள்.

ஒரு செடியை இவ்வளவு முழுசாகப் பயன்படுத்திய ஊர் குறைவுதான். பஞ்சு நூலாகி, சாலியர், தேவாங்கர் தெருக்களில் தறிக்குப் போச்சு. கொட்டை மாட்டுக்கும் மனுசனுக்கும். மிச்சம் நிற்கும் பருத்திமார் அடுப்புக்கு. கம்பு மாதிரி வீட்டோடு நின்றுவிடாமல் காசாகிற பயிரும் அதுதான். 1861ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றபோது, இந்தியப் பஞ்சு விலை எகிறியது. நம்ம தெக்கத்திப் பஞ்சு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. 1865ல் போர் முடிந்ததும் விலை இறங்கிவிட்டது. 1876 தொடக்கத்தில் மதுரை, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது.

அதே 1876ல் மழை பொய்த்தது. தாது வருசப் பஞ்சம். ரயில் வந்த வருசமும் பஞ்சம் வந்த வருசமும் ஒன்றாக அமைந்ததைப் படிக்கையில் வயிற்றைப் பிசையத்தான் செய்கிறது. நிவாரண வேலைக்கு வந்த ஆம்பளைக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியக் கணக்கில் கூலி போதும்னு 1877ல் சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அரைக்கிலோகூட வராது. உடலுழைப்புக்கு அது காணாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி இருபது கிலோமீட்டருக்குள்தான். வழியெல்லாம் கண்மாய், சீமைக்கருவேலம். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் உள்ள ஊர். 1879 டிசம்பர் 30ல், அதாவது பஞ்சம் ஓய்ந்த கொஞ்ச நாளில், ரமண மகரிஷி பிறந்த ஊர். பக்கத்தில் ஓடுவது (ஓடவேண்டியது!) குண்டாறு. வைகையும் தாமிரபரணியும் எட்டாத பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பு, சோளம், குதிரைவாலின்னு மானாவாரியாப் போடுவாங்க. நெல்லெல்லாம் கண்மாய் பெருகினால்தான்.

ஊருக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி கம்மங்கூழ் வித்துக்கிட்டிருந்தாங்க. மோர் விட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயம், மோர்மிளகாய், சீனியவரைக்காய் வத்தல். வெயிலுக்கு அமிர்தம். ரெண்டாவது சொம்பு கேட்டதும் பாட்டிக்குச் சிரிப்பு.

"எந்த ஊருப்பா?"

"சென்னை, ஆத்தா."

"கார்ல வந்து கூழு கேக்குறீக. நாங்க சின்னப்புள்ளையில நெல்லுச்சோறு கேட்டு அழுவோம். தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான் கண்ணுல காங்கிறது. கம்பு இடிச்சு இடிச்சு எங்காத்தாளுக்குக் கையெல்லாம் காப்புக் காச்சிப்போச்சு."

சிறுதானியப் பெருமை பேசும்போது (2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது) இந்தக் கையை நாம யாரும் எழுதுறதில்லை. கம்பை ஈரம் தெளிச்சு உரலில் குத்தி, புடைச்சு, மறுபடி இடிச்சு, அப்புறம்தான் உலை. அவ்வளவும் காட்டு வேலை முடிஞ்சு வந்த பொம்பளைங்க பாடு. ஆண்டு முழுக்க ஆரோக்கியத்துக்காக யாரும் கூழ் குடிக்கலை, வேற இல்லாததால குடிச்சாங்க.

நெல்லுச்சோறு அன்றாடச் சோறானதிலும் இந்த வறக்காட்டுக்குப் பங்கு உண்டு. 1956ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிய காமராசர் பிறந்தது விருதுநகர். 1957லும் 1962லும் ஜெயித்தது சாத்தூர். 1977ல் எம்.ஜி.ஆர். முதல்வரானது அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ.வாக, 1982 ஜூலை 1ல் சத்துணவு வந்தது. அப்புறம் ரேஷன் அரிசி 2006ல் கிலோ ரெண்டு ரூபாய், 2008ல் ஒரு ரூபாய், 2011லிருந்து விலையில்லாமலே. பாலிஷ் அரிசி, சர்க்கரை வியாதி என்று ஆயிரம் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். அந்தப் பாட்டி முன்னால் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், "உங்க காட்டுக் கம்பா ஆத்தா?"

"காடா? கருவேலு மொளச்சுக் கெடக்கு. இது கடையில வாங்குனது."

"வீட்டுலயும் கூழ்தானா?"

"கம்பு விக்கிற வெலைக்கா? வீட்டுல ரேசன் அரிசிதான். இது யாவாரத்துக்கு" என்றபடி என் சொம்பை வாங்கிக் கழுவினாங்க.

அங்கிருந்து திரும்பும் வழியில் ஒரு கடையில் சாத்தூர்ச் சேவு கால்கிலோ வாங்கினேன். திருமங்கலம் தாண்டுமுன் பொட்டலம் காலி.