எண் காத்திருக்கும், மாதம் காத்திருக்காது

1919 ஜூலை மாதம். நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க் மைதானத்தில் மூடுபனி தரையோடு தரையாகப் படிந்திருந்தது. தபால் மூட்டைகளுடன் கிளம்பச் சொன்னார்கள்; விமானி லியோன் ஸ்மித் முடியாது என்றார். அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட ஹாமில்டன் லீயும் மறுத்துவிட்டார். வாஷிங்டனில் இருந்த தபால் துறை அதிகாரி ஓட்டோ பிரேகர் இருவரையும் வேலையை விட்டே நீக்கினார். மற்ற விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாள்களில் சமரசம் வந்தது. பறப்பதா, கூடாதா என்ற முடிவு வாஷிங்டனிலிருந்து அந்தந்த மைதான மேலாளரின் கைக்கு மாறியது. லீக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஸ்மித்துக்குக் கிடைக்கவில்லை.

எந்த விமானி எந்த நாளில், எந்தத் தடத்தில் பறப்பார் என்பதை மட்டும் அதன் பிறகும் மேலதிகாரிகளே முடிவு செய்தார்கள். வேண்டியவருக்கு நல்ல தடம், வேண்டாதவருக்கு மலைமேல் இரவுப் பயணம். அமெரிக்க விமானிகளின் பணிப்பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டென்றால், அந்த அதிகாரத்தை மனிதர் கையிலிருந்து பிடுங்கி ஓர் எண்ணிடம் ஒப்படைத்த கதைதான் அது. அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பது, விடுப்பில் போன விமானி திரும்பி வரும்போதுதான் சோதனைக்கு வந்தது.

1931இல் டேவ் பென்கி என்ற விமானியின் தலைமையில் சிகாகோவில் 'ஆல்பா' எனப்படும் விமானிகள் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே அதற்கு முதல் பெரிய சண்டை வாய்த்தது. செஞ்சுரி ஏர்லைன்ஸ் முதலாளி ஈ.எல். கார்ட் சம்பளத்தை வெட்டினார். ஏற்காதவர்களை வெளியே நிறுத்தினார். விமானிகளுக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் நியூயார்க் மேயரான லகார்டியா. 1934இல் தேசியத் தொழிலாளர் வாரியம் வழங்கிய 83ஆம் எண் தீர்ப்பு, ஒரு விமானி மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. 1938ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டம் அந்தத் தீர்ப்பை உள்வாங்கிக்கொண்டது. 1939இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் ஆல்பா தன் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

அதிகாரியின் இடத்துக்கு வந்த அந்த எண்ணுக்கு முன்மாதிரி ரயில்வே. என்ஜின் ஓட்டுநர்களும் கார்டுகளும் வேலையில் சேர்ந்த தேதியை வைத்து வண்டிகளைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 1936இல் ரயில்வே தொழிலாளர் சட்டமே விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. சேர்ந்த தேதிப்படி ஒவ்வொரு விமானிக்கும் ஒரு சீனியாரிட்டி எண். எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த விமானத்தை ஓட்டுவது, எப்போது கேப்டன் ஆவது, எந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பது என எல்லாமே அந்த எண்ணில்தான் தொங்கின. நிறுவனம் மாறினால் எண் கூடவே வராது. 1991இல் ஈஸ்டர்னும் பான் ஆமும் மூடப்பட்டபோது, ஜம்போ ஜெட் ஓட்டிய கேப்டன்கள்கூட வேறு நிறுவனங்களில் பட்டியலின் அடிமட்டத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

மாதாந்திர விருப்பப் பதிவு நடந்த விதம் எளிமையானது. நிறுவனம் பயணங்களைக் கோத்து, ஒரு மனிதரின் ஒரு மாத வேலையாக ஒவ்வொரு 'லைனை'யும் தயாரிக்கும். எல்லா லைன்களும் அச்சிட்ட கட்டாக விமானிகளிடம் வரும். அவர்கள் தங்கள் விருப்பத்தை வரிசைப்படுத்தி எழுதித் தருவார்கள். கெடு முடிந்ததும் பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதல் எண்காரர் கேட்டது அவருக்கு, இரண்டாமவருக்கு மிச்சத்தில் சிறந்தது, இப்படியே கடைசிவரை. அடியில் இருப்பவர்களுக்கு லைனே கிடையாது. அவர்கள் ரிசர்வ், எப்போது தொலைபேசி மணி அடித்தாலும் கிளம்பத் தயாராக இருக்கவேண்டியவர்கள்.

இப்படி ஆண்டுக் கணக்கில் நின்று, காத்து, ஒவ்வொன்றாக மேலேறும் வரிசையில் ஒருவர் நடுவில் வெளியே போனால் அவர் இடம் என்னாகும்? இந்தக் கேள்வியைப் போர்தான் முதலில் பெரிய அளவில் எழுப்பியது. 1940இல் கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவந்த சட்டம், போய்வருபவர்களுக்குப் பழைய வேலையையும் சீனியாரிட்டியையும் உறுதி செய்தது. அதன் பொருளை உச்ச நீதிமன்றம் 1946இல் விளக்கியது. வழக்குத் தொடுத்தவர் விமானி அல்லர். புரூக்ளின் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை பார்த்த பிஷ்கோல்ட். ராணுவத்திலிருந்து திரும்பிய தன்னை உட்கார வைத்துவிட்டு, போருக்கே போகாத சீனியர்களுக்கு வேலை கொடுத்தார்கள் என்பது அவர் முறையீடு. சீனியாரிட்டியை ஓடும் எஸ்கலேட்டராக உருவகித்த நீதிபதி டக்ளஸ், சேவைக்குப் போனவர் இறங்கிய படியில் அல்ல, இறங்காமலே இருந்திருந்தால் எந்தப் படியில் நின்றிருப்பாரோ அதில்தான் ஏறுவார் என்றார். ஆனால் தனக்கு மேலே நிற்பவரை அவர் தாண்ட முடியாது. பிஷ்கோல்ட் தோற்றார், அவர் வழக்கில் பிறந்த கோட்பாடு நிலைத்தது.

விமானத் துறையில் அந்தக் கோட்பாட்டுக்கு வேலை அதிகம். விமானப் படையிலும் கடற்படையிலும் பயிற்சி பெற்றுப் பயணிகள் விமானத்துக்கு வந்தவர்களில் கணிசமானோர், ரிசர்வ் படையிலோ நேஷனல் கார்டிலோ தொடர்கிறார்கள். அழைப்பு வந்தால் போகவேண்டும். 1994இல் வந்த சட்டம், பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டுவரையான ராணுவச் சேவைக்கு இந்தப் பாதுகாப்பை விரிவாக எழுதிவைத்தது. 180 நாளுக்கு மேல் சேவை செய்தவர், முடித்த 90 நாளுக்குள் மீண்டும் வேலை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பிரசவத்துக்கும் நோய்க்கும் குடும்பப் பராமரிப்புக்கும் விடுப்பு எடுத்தவர்களுக்கு இத்தனை சீக்கிரம் சட்டம் கைகொடுக்கவில்லை. 1993இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம், முந்தைய 12 மாதங்களில் 1,250 மணி நேரம் வேலை செய்தவருக்கே பொருந்தும் என்றது. விமானிகளோ ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கவே கூடாது என்று விதி இருந்தது. ரிசர்வில் காத்திருந்த நேரமும் வெளியூரில் இரவு தங்கிய நேரமும் கணக்கில் வராததால், முழுநேர ஊழியர்கள் பலர் காகிதத்தில் பகுதிநேரக்காரர்களாகத் தெரிந்தார்கள். இந்த முரண்பாட்டைக் களைய 16 ஆண்டுகள் ஆயின. 2009இல் தனித் திருத்தம் வந்தது: மாத உத்தரவாத நேரத்தில் 60 சதவீதமும், ஆண்டில் 504 மணி நேரமும் பணி செய்திருந்தால் போதும்.

இதற்கிடையே விருப்பப் பதிவே உருமாறிவிட்டது. பழைய முறையில் அனுபவசாலிகள் ஒரு சூட்சுமம் வைத்திருந்தார்கள். ஒரு வார வருடாந்திர விடுப்புக்கு முன்னும் பின்னும் ஒட்டி வரும் பயணங்கள் உள்ள லைனாகப் பார்த்துக் கேட்பார்கள். விடுப்போடு மோதும் பயணங்கள் முழுதாகக் கழிக்கப்படும். ஒரு வாரம் இரண்டு வாரமாக நீளும். காலியான பயணங்களுக்கு நிறுவனம் ரிசர்வ் ஆட்களைத் தேடி அலையும். விடுப்பையும் பயிற்சியையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்து, ஆளுக்கேற்ற அட்டவணையைக் கணினியே கட்டும் முறையில் நிறுவனங்கள் ஆர்வம் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கணக்கில் முன்னோடிகளாக இருந்தவர்கள் கனடாவின் மான்ட்ரியல் நகரக் கணித அறிஞர்கள். சூமி, தெரோசியே உள்ளிட்ட குழு ஏர் கனடாவுக்காக உருவாக்கிய முறையை 1998இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. மூத்தவருக்கு மிகச் சிறந்த அட்டவணையைக் கொடுக்கும்போதே, மிச்சப் பயணங்களை மிச்சமிருப்பவர்களால் ஓட்டிமுடிக்க முடியுமா என்றும் ஒவ்வொரு படியிலும் பார்த்தாகவேண்டும். நூற்றுக்கணக்கான விமானிகளுக்கு இதைச் செய்வது காகிதத்தில் ஆகாத காரியம்.

இப்போது பல நிறுவனங்களில் விமானி லைனைக் கேட்பதில்லை. நிபந்தனைகளை வரிசையாக எழுதுகிறார். சனி, ஞாயிறு ஓய்வு வேண்டும். காலை 6 மணிக்கு முன் ரிப்போர்ட் செய்யும் பயணம் வேண்டாம். விடிய விடியப் பறப்பது வேண்டாம். நான்கு நாள் பயணமானால் டென்வரில் தங்கவேண்டும். மேலே எழுதியதை நிறைவேற்ற முடியாவிட்டால் எதை முதலில் விட்டுக்கொடுப்பது என்பதையும் அவரே சொல்லவேண்டும். இரண்டு வரிகளின் இடத்தை மாற்றிப் போட்டால் மாதமே மாறிவிடும். மாதாமாதம் எழுதுபவருக்கு இது கைப்பழக்கம். எட்டு மாதம் கழித்து வருபவருக்குத் திரையே புதிதாகத் தெரியும்.

அதற்கு முன்னால் அவர் தாண்டவேண்டிய வாசல்களும் உண்டு. 90 நாளுக்குள் மூன்று முறை தரையிலிருந்து எழும்பி, மூன்று முறை இறங்கியிருக்காத விமானி பயணிகளை ஏற்றிப் பறக்கக்கூடாது. சிமுலேட்டரில் இடம் கிடைக்கவேண்டும்; விட்டுப்போன பயிற்சி முடியவேண்டும். அடுத்த மாதத்துக்கான பதிவோ நடப்பு மாதத்திலேயே முடிந்துவிடும். கெடு தாண்டிய மறுநாள் பயிற்சி முடித்தவர், எண் எவ்வளவு உயரமாக இருந்தாலும், ஒதுக்கீடு முடிந்து எஞ்சியதையே எடுத்துக்கொள்ள நேரிடும். கோவிட் காலத்தில் இந்த நெருக்கடி ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பின் பறந்து, பழக்கம் விட்டுப்போனதால் தவறு செய்தோம் என்று நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைப் பிரிவுக்கு விமானிகளே எழுதினார்கள்.

கணினி மனிதரைவிடப் பாரபட்சமற்றது. அதற்காகப் பிழையற்றது என்று ஆகாது. 2017 கடைசியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பயண மாற்று மென்பொருள், ஆள் பற்றாக்குறையைக் கவனிக்காமல் விமானிகள் பயணங்களைக் கைவிட அனுமதித்துக்கொண்டே போனது. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு ஆளில்லை. ஒன்றரை மடங்கு சம்பளம் தருவதாக அறிவித்து ஆள் சேர்க்கவேண்டியதாயிற்று.

ஆகவேதான் சங்கங்களின் பணிப்பட்டியல் குழுக்களில், திரும்பி வருபவரோடு உட்கார்ந்து விருப்பங்களை எழுத உதவும் சக விமானிகள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது எண்ணைத்தான். அமெரிக்காவில் 65 வயது ஆனதும் விமானி ஓய்வு பெற்றாகவேண்டும். 2007வரை அந்த வரம்பு 60. மேலே ஒவ்வொருவராக விலக விலக, விடுப்பில் இருப்பவரின் இடமும் உயர்ந்துகொண்டே வரும். ரிசர்வில் இருந்து விடுப்பில் போனவர், லைன் வாங்கும் உயரத்தில் வந்து நிற்கலாம். அது தெரியாமல் பழைய கோப்பைத் திறந்து, 'ஞாயிறு மட்டுமாவது ஓய்வு கொடுங்கள்' என்று பழைய நிபந்தனையையே மறுபடி அனுப்பினால், அதை மட்டும் தந்துவிட்டுக் கணினி அடுத்தவரிடம் போய்விடும். அதனால் உதவிக்கு வருபவர் பழைய கோப்பை மூடச் சொல்கிறார். கடந்த மூன்று மாத ஒதுக்கீட்டு முடிவுகளை எடுத்து, இதே எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்னென்ன கிடைத்தது என்று பார்த்து, அதற்கு ஒரு படி மேலாகவே கேட்கச் சொல்கிறார்.