காற்றலையில் ஒரு தொழில்

செய்தி சொல்வது மிகப் பழைய பணி. ஊர்ப் பொதுவில் பறையறைந்து அறிவித்தவர்கள் நம் முன்னோர்களிடையே இருந்தனர். ஆயினும் குரலையே முதலாகக் கொண்டு செய்தியை வானில் அனுப்புவது ஒரு தொழிலாக உருப்பெற்றது கடந்த நூற்றாண்டில்தான். இன்று ஊடகத்துறைக்குச் செல்ல விழையும் கொங்கு நாட்டு இளைஞர்கள் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

தமிழகத்தில் ஒலிபரப்பு ஆர்வலர்களின் முயற்சியாகவே தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. நிதி நெருக்கடியால் 1927-இல் அது நின்றுபோக, 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் பிறந்தன. கோவை நிலையத்திற்காக நாம் 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆர்வலர்களின் கழகம் அரசின் அலுவலகமாக மாறியபோது, செய்தி வாசிப்பு ஊதியம் தரும் வேலையாயிற்று. 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தில்லியிலிருந்து தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். பின்னாளில் அவர் புகழ்பெற்ற நடிகரானார். 2022-இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலோ பல்லாண்டுக் காலம் தமிழர் இல்லங்களில் காலைப் பொழுதின் அடையாளமாக விளங்கியது. கேட்போருக்கு அது இனிய குரல் மட்டுமே. குரலுக்குப் பின்னிருந்த உழைப்போ வேறு. ஆங்கிலத்தில் வந்து குவியும் செய்திகளைச் சில நிமிடங்களுக்குள் தெளிந்த தமிழாக்கி, பிழையின்றி வாசிக்க வேண்டும். செய்தி வாசிப்பாளரே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார்.

இத்தொழிலுக்கு ஒரு குறையும் இருந்தது. வாயில் ஒன்றே; வாயிற்காவலரும் அரசே. 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடி நிலையில் வானொலி ஆட்சியாளரின் குரலாகவே ஒலித்தது. அக்கசப்பு தந்த பாடத்தால் தன்னாட்சிக்கான கோரிக்கை வலுத்தது. பிரசார் பாரதிச் சட்டம் 1990-இல் இயற்றப்பட்டு 1997-இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே, அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது.

இக்காலகட்டத்தில் வாயில்கள் பெருகின. சன் தொலைக்காட்சி 1993-இலும், புதிய தலைமுறை 2011-இலும் தோன்றின. செய்தியாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், செய்தி ஆசிரியர் எனப் பல பணிகள் உருவாயின. ஆனால் வானொலியில் கதவு பாதியே திறந்தது. தனியார் பண்பலை நிலையங்கள் ஆகாசவாணியின் செய்தியை மாற்றமின்றி ஒலிபரப்பலாம் என்ற அளவில் மட்டுமே 2011-ஆம் ஆண்டுக் கொள்கை இசைவு தந்தது. ஆகவே பண்பலையில் நுழைந்தவர்களுக்குப் பேசும் வாய்ப்பு மிகுதியாகக் கிடைத்தது. செய்தி திரட்டும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆகாசவாணியிலும் பகுதிநேரச் செய்தியாளராகவும், அழைக்கும் நாளில் மட்டும் பணிபுரியும் வாசிப்பாளராகவும் காலம் கழித்தோர் பலர். இத்துறையை நாடுவோர் இந்நிலையற்ற தன்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம் பிள்ளைகள் எதை நம்பி இதில் இறங்குவது? நல்ல குரல் போதாது. கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறியின் ஓசையோடு வளரும் பிள்ளைக்கு நூல் விலையேற்றமும் கூலிப் பிரச்சினையும் வீட்டுப் பேச்சு. நொய்யலில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நஞ்சுக் குட்டையானது. 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. உழவர், தொழிலாளர், முதலாளி ஆகிய மூவரின் துயரும் அச்செய்தியில் பிணைந்திருந்தது. தலைநகரிலிருந்து வரும் ஒருவர் ஒரு நாளில் அதனை உணர்ந்துவிட முடியாது. இம்மண்ணில் வளர்ந்தவர் உணர்வார்.

தாய்மொழியில் தெளிவு, ஆங்கிலத்தில் பயிற்சி, தன் ஊரைப் பற்றிய ஆழ்ந்த அறிவு, கேட்டதைச் சரிபார்க்கும் பொறுமை: இவையே இத்தொழிலின் மூலதனம். கருவிகள் மாறிக்கொண்டேயிருக்கும். ஊரார் சொல்வதைச் செவிமடுத்து, அதை உண்மை பிறழாமல் உலகிற்குச் சொல்ல வல்லவருக்கு ஊர்தோறும் தேவை இருக்கிறது.