மாஹா வேளாண் கண்காட்சியும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்

மாஹா, மலேசியாவின் பழைமையான வேளாண் கண்காட்சி. மலாயா வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1923-இல் கோலாலம்பூரில் இதைத் தொடங்கியது.

இதற்கு முன்னோடியான கண்காட்சிகள் உண்டு; அவற்றின் பின்னணியில் இருந்தது ரப்பர். 1890-களின் இறுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தது. நெகிரி செம்பிலானின் காப்பித் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. பயிரும் புதிது, பக்குவமும் புதிது; அடுத்த தோட்டத்துச் சரக்கைப் பார்த்துக் கற்க வேண்டிய நிலை. 1906 செப்டம்பரில் இலங்கையின் பேராதனைப் பூங்காவில் நடந்த ரப்பர் கண்காட்சியில், ஜொகூர் மூவாரிலிருந்து போன லானட்ரோன் தோட்டத்தின் கட்டி ரப்பர் தங்கப் பதக்கம் வாங்கியது.

தகடாக அடிக்கும் நல்ல ரப்பர் ஷீட்டுக்குப் பின்னால் விடியற்காலை உழைப்பு இருந்தது. பெரட்டு எனும் ஆள்கணக்கு முடிந்து இருட்டிலேயே மரம் சீவ இறங்குவார்கள். மங்கு எனும் கிண்ணத்தில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். அங்கே பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து, ஆசிட் விட்டு உறையவைத்து, மிஷினில் அழுத்தி, புகைக்கூடத்தில் சில நாள் தொங்கவிட்டால் ஷீட்டு தேன் நிறம் பெறும். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள்: காற்றுக் குமிழியோ பட்டைத் தூளோ பூஞ்சையோ தெரிந்தால் ரகம் இறங்கிவிடும். முதல் ரகத்தைத் தீர்மானித்தது சீவியவரின் சுத்தமும் ஸ்டோர்க்காரரின் கண்ணும்தான். ஆனால் பேராதனைப் பதக்கம் தோட்டத்தின் பெயரில்தான் பதிவானது. ரப்பர் வரலாற்றின் பெரிய குறையாக இதைச் சொல்ல வேண்டும்.

தொழிலாளருக்கு உரிய திருவிழா வேறாக இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிக் கரகம் எடுப்பார்கள். வளையல், பொரி, பலகாரக் கடைகள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தையொட்டி முளைக்கும். பக்கத்துத் தோட்டத்து உறவுகள் கூடும் சந்தையும் அதுவே.

1960-களிலிருந்து ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை பரவியது. நெகிரி செம்பிலானில் பல தோட்டங்களை வைத்திருந்த கத்ரி நிறுவனம் 1981 செப்டம்பர் 7-இல் லண்டன் பங்குச் சந்தையில் மலேசியர் கைக்கு வந்தது. பிறகு சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் காலியாகின.

மாஹா இப்போது சிலாங்கூரின் செர்டாங் கண்காட்சிப் பூங்காவில் நடக்கிறது. பழம், கால்நடை, மீன், விவசாய இயந்திரம் எல்லாம் அங்கே உண்டு. ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்களோ இன்று பெரும்பாலும் மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலாகவே விற்றுவிடுகிறார்கள். ஷீட்டு அடிப்பது அருகிவிட்டது.