ஒரு ராத்திரிக்கு மட்டும்

பிரிஸ்பேன் நகரத்திலிருந்து மேற்கே சுமார் 480 கிலோமீட்டர் உள்ளே போனால் ரோமா. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் மாட்டுச் சந்தைகளுக்குப் பேர்போன ஊர். 1945 ஜனவரி 22 அன்று அங்கே ஆர்தர் பீட்சன் பிறந்தார். தாய் பழங்குடிப் பெண். சிறுவயதிலேயே குடும்பத்திடமிருந்து அரசாங்கத்தால் பிரித்து எடுத்துச் செல்லப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். பையன் வாசலை அடைக்கிற ஆகிருதியோடு வளர்ந்தான். அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட உடம்புக்கு ஒரே ஒரு விளையாட்டுதான் காத்திருந்தது.

ரக்பி லீக். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், முட்டை வடிவப் பந்து. ஓடி வருகிறவனை மறித்துச் சாய்க்க வேண்டும். பெரிய உடம்புக்காரர்களின் வேலை முட்டி மோதி விழுவது, எழுவது, மறுபடி மோதுவது. பீட்சன் விழ மறுத்தார். இடுப்பில் ஒருவர், தோளில் ஒருவர், காலில் ஒருவர் தொங்குவார்கள். கபடியில் நான்கு பேர் அமுக்கியும் கோட்டைத் தொட்டுவிடுகிற ரெய்டர் போல, அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும். அந்தக் கையிலிருந்து பந்து பூப்போல நழுவி, ஓடி வருகிற சகாவின் நெஞ்சில் போய் உட்காரும். 1965-ல் பிரிஸ்பேனுக்கு அருகே ரெட்கிளிஃப் கிளப் கோப்பையை வென்றபோது அந்தக் கை ஊரறிந்ததாகிவிட்டது. சிட்னிக்காரர்கள் அதை விலைபேச வந்தார்கள்.

அவர்களிடம் பணம் எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. 1956-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், கிளப்புகளில் சூதாட்ட இயந்திரங்கள் வைப்பதைச் சட்டபூர்வமாக்கியது. காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் படங்கள் உருளும் அதே இயந்திரங்கள்தான். சிட்னியின் ரக்பி லீக் கிளப்புகளின் கூடங்களில் அவை வரிசைகட்டி நின்றன. ராத்திரி முழுக்க விழுந்த சில்லறை, பகலில் ஆட்டக்காரர்களின் சம்பளமாக மாறியது. எல்லைக்கு வடக்கே குவீன்ஸ்லாந்தில் அந்த இயந்திரங்களுக்கு அனுமதியில்லை. ஆகவே அங்கே முளைத்த நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெற்கே ரயிலேறினார்கள். 1966-ல் பீட்சனும் சிட்னியின் பால்மெய்ன் கிளப்புக்குப் போனார். போன இடத்தில் ஒரு பழைய விதி அவரைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு மாநிலங்களும் 1908 முதல் மோதி வந்தன. நியூ சவுத் வேல்ஸுக்கு வெளிர்நீலச் சட்டை, குவீன்ஸ்லாந்துக்கு மெரூன். யார் எந்தச் சட்டையைப் போடுவது என்பதை, அந்த நேரத்தில் அவர் எந்த மாநிலத்தின் கிளப்புக்கு ஆடுகிறார் என்பதே தீர்மானித்தது. பிறந்த ஊர், வளர்ந்த தெரு எதுவும் கணக்கில் இல்லை. ரோமாவில் பிறந்த பீட்சன் வெளிர்நீலச் சட்டை மாட்டிக்கொண்டு குவீன்ஸ்லாந்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் ஆடினார். தன் பிள்ளைகளாலேயே குவீன்ஸ்லாந்து அடிவாங்கிக்கொண்டிருந்தது. மெரூன் சட்டை பீட்சனின் உடம்பில் ஒருமுறைகூட ஏறவில்லை.

ஆஸ்திரேலியச் சட்டை சீக்கிரமே ஏறியது. 1966-ல் பிரிட்டனுக்கு எதிராக முதல் டெஸ்ட். அதன்பின் 1977 வரை வந்தும் போயும் அந்த அணியில் இருந்தார். நடுவே சறுக்கல்களும் இருந்தன. சாப்பாட்டுப் பிரியர், பாதி ஆட்டத்துக்குமேல் மூச்சு வாங்கும் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ‘அரை ஆட்ட ஆர்ட்டி’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. 1969-ல் பால்மெய்ன், யாரும் எதிர்பாராத வகையில் சவுத் சிட்னியை 11–2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியபோது, பீட்சன் தடை விதிக்கப்பட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். அங்கேயே கதை முடிந்திருந்தால் வியப்பில்லை. ஆனால் அவர் கிளப் மாறினார்.

ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்பில், பயிற்சியாளர் ஜாக் கிப்சனின் கீழே, 1974-லும் 1975-லும் அணித்தலைவராகத் தொடர்ந்து இருமுறை கோப்பை வென்றார். 1973-ல் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கினார். எந்த விளையாட்டிலும் அந்த நாட்டின் தேசிய அணியை வழிநடத்திய முதல் பழங்குடி வீரர் அவர்தான். அரசு தாயைக் குடும்பத்திலிருந்து பறித்தது. மகன் நாட்டுக்கே தலைவனாக நடந்து வந்தார். அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் நெகிழவைப்பது இந்த ஒன்றுதான். ஆனாலும் ஒரு சட்டை பாக்கியிருந்தது. அதற்கான வழி, ரக்பி லீக்குக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு விளையாட்டில் திறந்தது.

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்திலும் இதே நோய் இருந்தது. அங்கே பணக்கார மாநிலம் விக்டோரியா. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போய், அவர்களை வைத்தே மேற்கு ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து வந்தது. 1977 அக்டோபரில் பெர்த் நகரத்தில் ஒரு புதுச் சோதனை நடந்தது. அவரவர் முதலில் ஆடி வளர்ந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும் என்றார்கள். வலசை போன பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். மேற்கு ஆஸ்திரேலியா 94 புள்ளிகள் வித்தியாசத்தில் விக்டோரியாவைத் துவைத்து எடுத்தது. இந்தச் செய்தி பிரிஸ்பேன் வரை வந்தது. அங்கே அதைக் கேட்டவர் பயந்தார்.

அவர் பெயர் ரான் மெக்காலிஃப். செனட்டர், குவீன்ஸ்லாந்து ரக்பி லீக்கின் தலைவர். பத்திரிகையாளர் ஹ்யூ லன் இந்த யோசனையை அவர் காதில் போட்டபோது மனிதர் துள்ளிக் குதிக்கவில்லை. இதுவரை தோல்விக்கு ஒரு சாக்கு இருந்தது: ‘எங்கள் ஆட்களை நீங்கள் வாங்கிவிட்டீர்கள்.’ எல்லோரையும் வரவழைத்தும் தோற்றுவிட்டால்? சாக்கும் போய்விடும், மானமும் போய்விடும். இருபது ஆண்டுகளாக ஒரு தொடரைக்கூட வெல்லாத மாநிலத்தின் தலைவருக்கு அந்தப் பயம் நியாயமானதே. 1980-ல் நடந்த இரண்டு ஆட்டங்கள்தான் அந்தப் பயத்தை உடைத்தன.

பழைய விதிப்படி நடந்த முதல் ஆட்டத்தில் நியூ சவுத் வேல்ஸ் 35–3 என்று வென்றது. சிட்னியில் நடந்த இரண்டாவதிலும் 17–7. அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 1,638 பேர். சிட்னி போன்ற மாநகரத்தில், ஒரு மாநிலங்களுக்கிடையிலான ஆட்டத்துக்கு! வென்ற பக்கத்துக்கே இதில் சுவை போய்விட்டிருந்தது. தொடர் முடிந்துவிட்டது, மூன்றாவது ஆட்டம் வெறும் சடங்கு. அந்தச் சடங்கைத்தான் சோதனைக்கு விடுவது என்று மெக்காலிஃபும், சிட்னித் தரப்பின் தலைவர் கெவின் ஹம்ப்ரீஸும் ஒத்துக்கொண்டார்கள். சிட்னி கிளப்புகள் முணுமுணுத்தன. சம்பளம் கொடுப்பது நாங்கள், அடிபட்டால் யார் பொறுப்பு? ஹம்ப்ரீஸ் சமாளித்தார். இனி வேண்டியது ஒரு தலைவர். குவீன்ஸ்லாந்து தேர்ந்தெடுத்த பெயரைக் கேட்டுச் சிட்னி சிரித்தது.

ஆர்தர் பீட்சன். வயது 35. அப்போது அவர் இருந்த பாரமட்டா கிளப்பில் முதல் அணியில் இடமில்லாமல் ரிசர்வ் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத் திறனை மட்டும் பார்த்திருந்தால் அவரைத் தொட்டிருக்கவே கூடாது. ஆனால் தேர்வாளர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். அந்த மெரூன் சட்டைக்காக அவரளவு காத்திருந்தவர் யாருமில்லை. என்னைக் கேட்டால், அன்றைய முடிவுகளிலேயே துணிச்சலானது இதுதான். எதிர் அணியில் இருந்த மிக் க்ரோனின், அதே பாரமட்டாவில் பீட்சனின் சகா. ஒரே கிளப்பின் சோற்றைத் தின்றவர்கள் உண்மையிலேயே மோதுவார்களா, இல்லை தட்டிக்கொடுத்துக் கலைந்துவிடுவார்களா? முழுச் சோதனையும் இந்த ஒரு கேள்வியில் தொங்கியது.

1980 ஜூலை 8, பிரிஸ்பேனின் லாங் பார்க். ஒரு காலத்தில் இடுகாடாக இருந்த நிலத்தில் எழும்பிய மைதானம். 33,210 பேர் வந்திருந்தார்கள். சுரங்கப் பாதையிலிருந்து அணியின் முன்னால் மெரூன் சட்டையில் பீட்சன் வெளிப்பட்டபோது எழுந்த முழக்கத்தை, அன்று ஆடியவர்கள் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த நடுவர் பில்லி தாம்சன் விசில் ஊதினார். கொஞ்ச நேரத்திலேயே கைகலப்பு. நட்பு ஆட்டம் என்று நினைத்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்ததாக, எல்லோரும் காத்திருந்த அந்தக் கணம் வந்தது.

க்ரோனின் பந்தோடு வந்தார். ஆட்கள் அவரை மறித்துப் பிடித்தார்கள். அவர் சாய்வதற்குள் அந்தக் கும்பலில் பீட்சனின் கை சுழன்று வந்து சகாவின் முகத்தில் இறங்கியது. அது குத்தா, முரட்டுப் பிடியா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. க்ரோனினே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் அரங்கத்தில் இருந்தவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது. கிளப் வேறு, மண் வேறு. ஆட்டம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

அதை முடித்து வைத்தவர், அன்றுதான் இருபது வயது நிறைந்த ஒரு பிரிஸ்பேன் போலீஸ்காரர். பெயர் மால் மெனிங்கா. பீட்சன் சிட்னிக்கு ரயிலேறியபோது பள்ளிக்கூட வாசலை மிதித்துக்கொண்டிருந்த பையன். அந்த ராத்திரி கோலை நோக்கி ஏழு முறை உதைத்தார். ஏழும் கம்பங்களுக்கு நடுவே போயின. பதினான்கு புள்ளிகள். கெர்ரி புஸ்டட் ஒரு ட்ரை, கிறிஸ் க்ளோஸ் ஒரு ட்ரை. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் ட்ரை. அந்தக் காலத்தில் ட்ரைக்கு மூன்று புள்ளிகள். முன்வரிசையில் பீட்சன் மூன்று பேரைச் சுமந்தபடி பந்தை நழுவவிட்டுக்கொண்டிருந்தார். நடுக்களத்தில் வாலி லூயிஸ் என்ற இன்னொரு இருபது வயதுப் பையன் அதையெல்லாம் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். குவீன்ஸ்லாந்து 20, நியூ சவுத் வேல்ஸ் 10. ஒரு ராத்திரிக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாட்டை இனி யாரால் நிறுத்த முடியும்?

நிறுத்தத்தான் பார்த்தார்கள். 1981-லும் முதல் இரண்டு ஆட்டங்கள் பழைய விதிப்படியே நடந்தன. மூன்றாவது மட்டும் புது விதி. அதில் பீட்சன் களத்தில் இறங்கவில்லை. பயிற்சியாளராக ஓரத்தில் நின்றார். மெரூன் அணிக்கு வாலி லூயிஸ் தலைவர். குவீன்ஸ்லாந்து 0–15 என்று பின்தங்கியது. சோதனை செத்தது என்று எழுதப் பேனாவைத் திறந்திருப்பார்கள். அங்கிருந்து எழுந்து 22–15 என்று வென்றார்கள். இதற்குமேல் வாதமே இல்லை. 1982 முதல் மூன்று ஆட்டங்களும் முதலில் ஆடி வளர்ந்த மண்ணின் கணக்குப்படியே என்று ஆனது.

அதுதான் ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மூன்று இரவுகள் ஆஸ்திரேலியா முழுவதையும் தொலைக்காட்சி முன் கட்டிப்போடும் தொடர். 1987-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா வரை போய் ஆடிவிட்டு வந்தது. 2015-ல், ரக்பி லீக் வேரூன்றாத மெல்போர்னில் 91,513 பேரை அரங்கத்துக்கு இழுத்தது. 2018 முதல் பெண்களும் அதே பெயரில் மோதுகிறார்கள். ஏழு உதைகளால் தொடங்கிய மெனிங்கா, ஆஸ்திரேலியாவுக்கு 46 டெஸ்ட் ஆடி முடித்து, பின்னாளில் குவீன்ஸ்லாந்தின் பயிற்சியாளராக 2006 முதல் 2013 வரை தொடர்ந்து எட்டுத் தொடர்களை வென்று காட்டினார்.

பீட்சனை 2003-ல் ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் ‘அழியாதவர்கள்’ வரிசையில் ஏழாவதாகச் சேர்த்தார்கள். 2011 டிசம்பர் 1 அன்று, கோல்ட் கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். லாங் பார்க் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் வாழ்நாளில் ஆடிய ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டம், அந்த முதல் ஆட்டம் ஒன்றுதான்.