ஐரோப்பிய ஓவியமும் வணிகர் கணக்கும்

"கல்லாவில் உட்காருகிறவருக்கு ஓவியத்தில் என்ன வேலை?" என்று சங்கத்து நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். நான் பாத்திர வியாபாரி. கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கடை சாத்திய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். அதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரு காலத்து ஓவிய பாணி விளங்க வேண்டுமானால், படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

இத்தாலியில் பதுவா நகரத்து ஸ்க்ரோவெஞ்ஞி குடும்பம் வட்டித் தொழிலில் செழித்தது. அக்குடும்பத்துத் தந்தையை, குலச்சின்னத்தால் அடையாளம் காட்டி, வட்டிக்காரர் நரகத்தில் வைத்தார் தாந்தே. மகன் என்ரிக்கோ கட்டிய சிற்றாலயம் 1305ல் புனிதப்படுத்தப்பட்டது. அதன் சுவர்களில் ஜியோத்தோ தீட்டிய மனிதர்கள் நம்மைப் போலவே அழுகிறார்கள், தழுவிக்கொள்கிறார்கள். இறுதித் தீர்ப்புக் காட்சியில் என்ரிக்கோ மண்டியிட்டு அந்த ஆலயத்தையே காணிக்கையாக நீட்டுகிறார். பின்னால் வந்த மறுமலர்ச்சிக் கலைக்கு இங்கே விதை விழுந்தது.

1485ல் பிளாரன்ஸ் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக கிர்லாந்தாயோ செய்துகொண்ட ஒப்பந்தம் எனக்கு ரொம்பப் பிடித்தது. விலை 115 ஃப்ளோரின். கெடு 30 மாதம். நீல நிறம் அவுன்ஸ் சுமார் 4 ஃப்ளோரின் தரத்தில் இருக்க வேண்டும். அந்த உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானத்து மலைக்கல்லை அரைத்து எடுப்பது. நாங்கள் ஆர்டரில் "கேஜ் குறையக் கூடாது" என்று எழுதுவதில்லையா, அது மாதிரிதான்!

அடுத்தது பரோக். 1600 வாக்கில் ரோமாபுரித் தேவாலயம் ஒன்றுக்காக கரவாஜ்ஜோ வரைந்த படத்தில், வரி வசூலிக்கும் மத்தேயுவின் மேசையில் காசு எண்ணுகிறார்கள். இருட்டறைக்குள் பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிறது; கிறிஸ்து கை நீட்டி அழைக்கிறார். கல்லாக்காரரைத் தேடித்தான் அந்த ஒளியும் வந்தது.

ஹாலந்தில் சீர்திருத்த சபையார் ஆலயங்களில் படங்களை ஒதுக்கினார்கள். ஆகவே ஓவியர்கள் நகரத்து மக்களை நம்பினார்கள். வயல், கடல், சாப்பாட்டு மேசை, வெள்ளீயத் தட்டு எல்லாம் படமாயின. ரெம்பிராண்ட் 1642ல் முடித்த 'இரவுக் காவல்' படத்துக்கு, அதில் உள்ள காவல் படையினர் ஆளுக்குச் சுமார் 100 கில்டர், நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கூடக்குறையக் கொடுத்தார்கள். அதே ரெம்பிராண்ட் 1656ல் திவாலானார். வீட்டுச் சாமான்களையெல்லாம் பட்டியல் போட்டு விற்றார்கள். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1874ல் பாரிஸில் மோனே முதலானோர் வைத்த கண்காட்சியைப் பலர் கேலி செய்தார்கள். துராந்-ருவேல் என்ற வியாபாரியோ கடன்பட்டும் அவர்கள் படங்களை வாங்கினார். 1886ல் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அதன் பிறகே இம்ப்ரஷனிசத்துக்கு நல்ல சந்தை பிறந்தது.

நண்பருக்கு என் பதில் இதுதான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருஷம் முன்பு என் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிய இளைஞர், தாம் வரைந்த படம் ஒன்றையும் வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். பலகைக்கு மட்டும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன். படம் நன்றாயிருந்ததா என்று பார்க்கக்கூட இல்லை.