சாராபாய் வெர்சஸ் சாராபாய்

சாராபாய் வெர்சஸ் சாராபாய் மும்பையைக் களமாகக் கொண்ட இந்தி நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர். ஸ்டார் ஒன் அலைவரிசையில் 2004 நவம்பர் 1 அன்று தொடங்கி, 2006 ஏப்ரல் 16 அன்று நின்றது. ஏறக்குறைய 70 அத்தியாயங்கள் வெளிவந்தன. தயாரிப்பு ஹாட்ஸ் ஆஃப் புரொடக்‌ஷன்ஸ். எழுத்து ஆதிஷ் கபாடியா. இயக்கம் தேவேன் போஜானி. ஒளிபரப்பான காலத்தில் டி.ஆர்.பி. பட்டியலில் தலைகாட்டாத தொடர் இது. முடிந்து சில ஆண்டுகள் கழித்து மறு ஒளிபரப்பிலும் இணையத்திலும் புதிய பார்வையாளர்கள் இதைக் கண்டெடுத்தார்கள். இந்தியத் தொலைக்காட்சியின் ஆகச் சிறந்த நகைச்சுவைத் தொடர்களைப் பேசும்போது இன்று இதன் பெயர் தவறாமல் வருகிறது.

கதை நடப்பது தென் மும்பையின் கஃப் பரேடில். அங்கே உயரமான கட்டடம் ஒன்றில் சாராபாய் என்னும் வசதியான குஜராத்திக் குடும்பம் வசிக்கிறது. தந்தை இந்திரவதன் (சதீஷ் ஷா), வயது ஏறியும் குறும்பு குறையாதவர். தாய் மாயா (ரத்னா பாதக் ஷா), நடை உடை பேச்சு அனைத்திலும் மேல்தட்டு நயம் பார்ப்பவர். மூத்த மகன் சாஹில் (சுமீத் ராகவன்) காஸ்மெடிக் சர்ஜன். அவன் மனைவி மோனிஷா (ரூபாலி கங்குலி) டில்லிப் பக்கத்து நடுத்தரப் பஞ்சாபிக் குடும்பத்துப் பெண். இளைய மகன் ரோசேஷ் (ராஜேஷ் குமார்) நாடக நடிகன், கவிஞன், அம்மா பிள்ளை. சாஹிலும் மோனிஷாவும் எதிர் ஃபிளாட்டிலேயே குடியிருக்கிறார்கள். ஆகவே சண்டைக்குத் தூரம் போக வேண்டியதில்லை. இரண்டு கதவும் திறந்தால் போதும்.

மருமகளின் சொந்தப் பெயர் மனீஷா. அது ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்று மாமியார் அதை மோனிஷா ஆக்கிவிடுகிறார். தொடரின் சாரம் முழுக்க இந்த ஒரு செய்கையில் அடங்கியிருக்கிறது. மோனிஷா காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவள். தள்ளுபடி என்றால் விடமாட்டாள். வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாது. டிவி சீரியல் பைத்தியம். இவள் ஏதோ ஒன்றைச் சொல்லுவாள், அல்லது மலிவாக வாங்கியதைப் பெருமையாகக் காட்டுவாள். மாயா குரலை உயர்த்தமாட்டார். ஒரு கணம் பேச்சை நிறுத்துவார். பிறகு, மகளைக் கூப்பிடுவதுபோல் 'மோனிஷா பேட்டா' என்று இழுத்து ஆரம்பிப்பார். நீளமாக, இலக்கண சுத்தமாக, ஆங்கிலமும் இந்தியும் கலந்த ஒரு விளக்கம் வரும். முடிவில் 'மிடில் கிளாஸ்' என்ற தீர்ப்பு விழும். சாஹில் இருவருக்கும் நடுவே மத்தளம்போல் இரண்டு பக்கமும் இடி வாங்குவான். இந்திரவதன் மருமகள் கட்சியில் சேர்ந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பார்.

ரத்னா பாதக் ஷாவின் நடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாயாவைக் கொடுமைக்கார மாமியாராக நடிப்பது சுலபம். அவர் அப்படிச் செய்யவில்லை. மருமகளைத் திருத்துவது தன் கடமை என்று மாயா மனதார நம்புகிறார் என்பதை ஒவ்வொரு சிரிப்பிலும் காட்டினார். அந்த நம்பிக்கை பொய்யில்லை என்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது, மாயாமேல் வெறுப்பு வருவதில்லை. குஜராத்தி நாடக மேடையில் பெரிய பெயர் பெற்ற தீனா பாதக்கின் மகள் அவர். எழுதிய கபாடியா, தயாரித்த ஜே.டி. மஜேதியா, இயக்கிய போஜானி மூவருமே மும்பையின் குஜராத்தி நாடக உலகத்திலிருந்து வந்தவர்கள். சென்னை சபா நாடகங்களில் கிரேஸி மோகன் வசனத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொடரின் ஓட்டம் அந்நியமாக இருக்காது. ஒரு சொல்லைப் பிடித்து இன்னொன்று, அதைப் பிடித்து அடுத்தது என்று பேச்சே காட்சியை நடத்திச் செல்லும் முறை இரண்டுக்கும் பொது.

துணைப் பாத்திரங்களில் இரண்டு பேர் மறக்க முடியாதவர்கள். சாராபாய் வீட்டு மகளின் கணவர் துஷ்யந்தாக இயக்குநர் போஜானியே நடித்தார். எந்த மின்சாதனத்தைப் பார்த்தாலும் அது வேலை செய்யும் விதத்தை விளக்கத் தொடங்கிவிடுவார், நிறுத்த யாராலும் முடியாது. காது சரியாகக் கேட்காத அத்தை கணவர் மதுசூதன் இன்னொருவர். ரோசேஷின் கவிதைகளோ தனி வகை: மூக்கால் பேசும் குரலில், பொருளற்ற ஓசைகளும் விபரீத உவமைகளும் கலந்து, அம்மாவை நோக்கிப் பாடப்படுபவை. மோசமான கவிதையை இவ்வளவு கவனமாக எழுதக் கபாடியாவுக்கு நல்ல கவிதையின் காது இருந்திருக்க வேண்டும்.

கஃப் பரேடும் மாதுங்காவும்

களம் ஏன் கஃப் பரேட் என்பது மும்பைக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. அதன் விளைவாக 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தெற்கே கடலைத் தூர்த்துச் செல்வந்தர்களுக்கு அந்த டிரஸ்ட் உருவாக்கிய சாலைதான் கஃப் பரேட். டிரஸ்டின் உறுப்பினர் டி.டபிள்யூ. கஃப் என்பவரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் வயல்வெளியை மனைகளாகப் பிரித்துப் புதிய குடியிருப்புகளுக்குத் திட்டமிட்டதும் அதே டிரஸ்ட்தான். அந்த மாதுங்காவில்தான் அலுவலக வேலைக்கு வந்த தமிழர்களும் பிற தென்னிந்தியர்களும் குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்கே தொடங்கியது. கோயில், பஜனை சமாஜம், மெஸ், பூக்கடை, அப்பளக்கடை எல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தன. சுதந்திரத்துக்குப் பின் டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வந்தபோது, தமிழ் நடுத்தர வர்க்கம் செம்பூர் வரை பரவியது. மாதுங்காவிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் தலைமுறைகளாக வாழும் இடம்.

ஒரே டிரஸ்ட் போட்ட இரண்டு வரைபடங்களில் ஒன்றில் மாயா வாழ்கிறார். மற்றொன்றில் நம் ஊர்க்காரர்கள் வாழ்ந்தார்கள். பழைய பேப்பரைச் சேர்த்து வைத்து எடைக்குப் போடுவதும், ஆடி மாதத் தள்ளுபடிக்குக் காத்திருப்பதும், சேலை வந்த பிளாஸ்டிக் பையை மடித்து மெத்தைக்கு அடியில் வைப்பதும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடும்பத்தைக் கரையேற்றிய பழக்கங்கள். அவற்றால் பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்தார்கள். மோனிஷாவைப் பார்த்து மாயா முகம் சுளிக்கும்போது அந்த வீடுகளில் எழும் சிரிப்பு வேறு வகை. தொடர் கடைசிவரை மோனிஷாவைத் திருத்தவில்லை. அவளை அவளாகவே விட்டுவைத்தது. இதன் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது அதைத்தான்.

முன்னோடிகள்

மும்பை நடுத்தர வாழ்க்கையைச் சிரிப்போடு காட்டும் மரபு தூர்தர்ஷன் காலத்தில் உருவானது. 1984இல் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி' அதன் தொடக்கங்களுள் ஒன்று. சரத் ஜோஷி எழுதிய அத்தொடரில் சதீஷ் ஷா வாரத்துக்கு ஒரு வேடம் போட்டார். இந்திரவதனின் சாமர்த்தியம் அங்கே பழகியதுதான். 1986இல் 'நுக்கட்' தெருமுனை மனிதர்களைக் காட்டியது. 1988இல் 'வாக்ளே கீ துனியா' வந்தது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பம்பாயில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் சாதாரண மனிதனை ஓயாமல் வரைந்த ஆர்.கே. லக்ஷ்மணின் பார்வையில் பிறந்த தொடர் அது. குந்தன் ஷா இயக்கினார். எழுத்தர் ஸ்ரீனிவாஸ் வாக்ளேயாக அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் அவர் மனைவியாக பாரதி ஆச்ரேக்கரும் நடித்தார்கள். தூர்தர்ஷனுக்குப் போட்டி அதிகம் இல்லாத காலம் என்பதால் இத்தொடர்கள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. சாராபாய்க்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

ஏன் நின்றது

2000 ஜூலையில் ஸ்டார் பிளஸ்ஸில் 'கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி' தொடங்கியபின் இந்தித் தொலைக்காட்சியின் மாலைப் பொழுது மாமியார் மருமகள் நாடகங்களின் கைக்குப் போனது. அதே ஸ்டார் நிறுவனம் நகரத்து இளைஞர்களையும் படித்தவர்களையும் குறிவைத்து 2004 நவம்பர் 1 அன்று தொடங்கிய புதிய அலைவரிசை ஸ்டார் ஒன். சாராபாய் அதன் முதல் நாளிலேயே வந்தது. கருப்பொருள் பார்த்தால் இதுவும் மாமியார் மருமகள் கதைதான். அழுகையும் சதியும் இருந்த இடத்தில் கபாடியா ரசனையையும் வர்க்கத்தையும் வைத்தார். திங்கட்கிழமை தொடங்கிய தொடர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. நடுவே இடம் மாறிய ஒரு வாராந்தரத் தொடரைத் தேடிப் பிடித்துப் பார்ப்பது பார்வையாளர்களுக்கு லேசான காரியமாக இருந்திருக்காது.

அன்றைய அளவீட்டு முறையையும் சொல்ல வேண்டும். டாம் என்ற நிறுவனம் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வீடுகளில் பீப்பிள் மீட்டர் என்னும் கருவியைப் பொருத்தியிருந்தது. வீட்டில் யார் டிவி முன் உட்கார்ந்தாலும் தமக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். வாரம் ஒருமுறை எண்கள் வெளிவரும். விளம்பர விலை அதை வைத்தே தீர்மானிக்கப்படும். ஒரே ஒரு டிவி இருந்த வீடுகளில் மாலை நேர ரிமோட் மெகா சீரியல் பார்ப்பவர்கள் கையில் இருந்தது. அந்தேரியிலும் தாணேயிலும் வேலை முடித்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும் இளைஞரின் விருப்பம் அந்த எண்ணில் ஏற வழியில்லை.

இன்னொரு காரணம் தொடரின் அமைப்பிலேயே இருக்கிறது. மதுசூதனின் காது, துஷ்யந்தின் விளக்கம், ரோசேஷின் கவிதை ஆகியவை முதல் தடவை கேட்டால் பாதிச் சிரிப்புதான் தரும். பாத்திரத்தோடு பழகிய பிறகு, அவர் வாசலில் தலைகாட்டினாலே சிரிப்பு கிளம்பும். வாரத்துக்கு அரை மணி நேரம், நடுவில் இரண்டு வாரம் தவறவிட்டால் அந்தப் பழக்கம் ஏற்படாது. தொடர்ந்து நாலைந்து அத்தியாயம் பார்க்கும் வசதி வந்தபோது இதே அமைப்பு பெரும் பலமாகிவிட்டது. அமெரிக்காவில் ஏறத்தாழ இதே ஆண்டுகளில் 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' என்ற தொடருக்கும் இதேதான் நடந்தது. அதுவும் வசதியான ஒரு குடும்பத்தின் கதை. 2003இல் ஃபாக்ஸ் அலைவரிசையில் தொடங்கி, பார்வையாளர் குறைவென்று 2006இல் நிறுத்தப்பட்டு, டிவிடியில் கொண்டாடப்பட்டு, 2013இல் நெட்ஃபிளிக்ஸில் மீண்டும் வந்தது.

மறுவாழ்வு

மறு ஒளிபரப்புகள் முதல் கதவைத் திறந்தன. பிறகு யூடியூப். மாயாவின் ஒரு கண்டிப்பு, ரோசேஷின் ஒரு கவிதை ஆகியவை ஒன்றிரண்டு நிமிடத்தில் முழுமை பெறுபவை. கைப்பேசியில் நண்பர்களுக்கு அனுப்பத் தோதானவை. ஒளிபரப்பானபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் வேலைக்குப் போன பிறகு இத்தொடரை முழுவதும் பார்த்தார்கள். இந்த ஆதரவை நம்பி ஹாட்ஸ்டார் தளம் 2017 மே 16 முதல் இரண்டாம் பருவத்தை வெளியிட்டது. பழைய நடிகர்கள் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். மோனிஷாவுக்கு குட்டு என்றொரு மகனும் சேர்ந்தான். ஆனால் முதல் பருவத்தின் கூர்மை அதில் இல்லை. பாத்திரங்களின் பழக்கங்களை ரசிகர்கள் கைதட்டுவார்கள் என்று தெரிந்தே எழுதிய வசனங்கள் அதிகம். பார்க்கத் தொடங்குபவர் முதல் பருவத்தோடு நின்றுகொள்வது நல்லது.

2020 ஏப்ரலில், ஊரடங்கால் படப்பிடிப்புகள் நின்றிருந்தபோது, ஸ்டார் பாரத் அலைவரிசை இதை மறுபடி ஒளிபரப்பியது. ஸ்டார் ஒன் 2011 டிசம்பரில் லைஃப் ஓகே ஆனது. லைஃப் ஓகே 2017இல் ஸ்டார் பாரத் ஆனது. கைவிட்ட அலைவரிசையின் வாரிசே பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொண்டது என்று சொல்லலாம். 2025 அக்டோபர் 25 அன்று சதீஷ் ஷா தம் 74ஆம் வயதில் மும்பையில் காலமானார். அவருக்கு விடை கொடுத்தபோது உடன் நடித்தவர்கள் சேர்ந்து பாடியது இந்தத் தொடரின் தலைப்புப் பாடலைத்தான். 1983இல் வந்த 'ஜானே பீ தோ யாரோ' முதல் எண்ணற்ற வேடங்கள் போட்ட நடிகர் அவர்.

நடிகர்களின் பிற்காலம் தொடரின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. மோனிஷாவாக நடித்தும் எண்களில் ஏறாத ரூபாலி கங்குலி, 2020 ஜூலையில் ஸ்டார் பிளஸ்ஸில் தொடங்கிய 'அனுபமா' மூலம் இந்தியில் மிக அதிகம் பார்க்கப்பட்ட குடும்ப நாடகங்களுள் ஒன்றின் நாயகியானார்.

சுமீத் ராகவனின் பாதை தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. தந்தை வழியில் தமிழரான அவர் மும்பையில் வளர்ந்து, மராத்தி மேடையில் ஹாம்லெட்டாக நின்றவர். திரையில் தென்னிந்தியர் என்றால் 1968இன் 'படோசன்' படத்தில் மெஹ்மூத் பேசிய உச்சரிப்புதான் இந்திக்குப் பல காலம் தெரிந்திருந்தது. அந்தச் சட்டத்துக்குள் சிக்காமல் சாராபாயில் குஜராத்திப் பிள்ளையாக நடித்தார் சுமீத். 2021 பிப்ரவரி 8 அன்று சோனி சப் அலைவரிசையில் புதிய 'வாக்ளே கீ துனியா' தொடங்கியபோது மராத்திக் குடும்பத் தலைவர் ராஜேஷ் வாக்ளே ஆனார். பழைய வாக்ளே தம்பதியாக அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி ஆச்ரேக்கருமே திரும்பி வந்து அவருக்குத் தாய் தந்தையாக நடித்தார்கள். தயாரிப்பு சாராபாயை எடுத்த அதே ஹாட்ஸ் ஆஃப். கஃப் பரேடின் காஸ்மெடிக் சர்ஜன் லக்ஷ்மணின் சாதாரண மனிதனுக்கு மகனாகி, மாதக் கடைசியில் செலவுக் கணக்குப் பார்க்கும் வீட்டுக்குக் குடிவந்தார். அந்தத் தொடர் ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டி ஓடியது.