நகரும் குன்றுகளும் நிற்கும் படங்களும்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் தென்கரையை ஒட்டி மணற்குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. நிற்கின்றன என்று எழுதுவது வழக்கம் பற்றித்தான். அவற்றுள் சில நடந்துகொண்டிருப்பவை. வடமேற்கிலிருந்து ஏரியைக் கடந்து வரும் காற்று கரைமணலை வாரிக் குன்றின் முகட்டில் ஏற்றி மறுபுறம் சரித்துவிடுகிறது. மவுண்ட் பால்டி என்னும் குன்று ஆண்டுக்குச் சில அடி வீதம் உள்நாட்டை நோக்கி நகர்ந்து, எதிர்ப்பட்ட ஓக் மரங்களைப் புதைத்திருக்கிறது. அசைவதை நிறுத்திக் காட்டுவதற்கென்றே அமைந்த கருவி புகைப்படப் பெட்டி. அதைக் கொண்டு இப்படிப்பட்ட நிலத்தின் அசைவை எப்படிக் காட்டுவது?

இக்கேள்விக்கு முதலில் விடை கண்டவர் புகைப்படக் கலைஞர் அல்லர், தாவரவியலாளர். ஹென்றி சாண்ட்லர் கௌல்ஸ் 1895இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு நிலவியல் படிக்க வந்து தாவரவியலுக்கு மாறியவர். இக்குன்றுகளின் தாவரங்களைப் பற்றி 1899இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை சூழலியலின் தொடக்க நூல்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. அதன் கருத்து எளிமையானது. ஏரியின் விளிம்பிலிருந்து உள்நாட்டை நோக்கி நடப்பவன், இடத்தில் மட்டுமல்லாமல் காலத்திலும் நடக்கிறான். கரையோரம் இருப்பது நேற்றைய மணல். அதற்கப்பால் மணலைப் பிடித்துநிறுத்தும் மர்ரம் புல், பிறகு காட்டன்வுட் மரம், பிறகு பைன், அதன்பின் கரிய ஓக் காடு. ஏரி பின்வாங்கப் பின்வாங்க ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த குன்றுகள் இவை. ஆகவே ஒரே நாளில், ஒரே நடையில் எடுத்த படங்களை வரிசைப்படுத்தினாலே பல நூற்றாண்டுகளின் கதை கிடைத்துவிடும். கௌல்ஸ் தம் கட்டுரையில் படங்களைச் சேர்த்தது அழகுக்காக அல்ல, சான்றுக்காக.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று பாடம் நடத்திப் பழகியவனுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆயினும் ஒப்புமையை நீட்டிக்க விரும்பவில்லை. கௌல்ஸின் பொழுது நூற்றாண்டுக் கணக்கிலானது. கார், கூதிர் என்று அது பெயர் சொல்லாது. அவருடைய வரிசையும் பின்னாளில் திருத்தப்பட்டது. ஜெர்ரி ஓல்சன் என்பவர் குன்றுகளின் வயதைக் கணித்து 1958இல் எழுதிய ஆய்வு, மிகப் பழைய குன்றுகளிலும் ஓக் மரமே நிலைத்திருப்பதைக் காட்டிற்று. எல்லாக் குன்றும் ஒரே முடிவை நோக்கிச் செல்வதில்லை.

ஆண்டின் பருவங்களைப் படத்தில் பிடிப்பது இதனினும் கடினமாக இருந்தது. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்பவை. சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. இலையுதிர்காலத்தில் சுமாக் புதர்கள் தீப்பற்றியதுபோல் சிவக்கும். தகட்டில் அது கருநிழலாக விழுந்தது. மே மாதத்தில் ஓக் மரங்களுக்கிடையே நீலமாகப் பூக்கும் லூபின், படத்தில் வெளிறிப் போயிற்று. கோடையில் வானமும் மணலும் ஒரே வெள்ளைத்தாளாகிவிட, உச்சிவேளையில் படமெடுப்பது வீண் வேலை. சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும்தான் காற்று வரைந்த வரிகள் நிழல் பெற்று எழும். அந்த வேளையில் காற்றும் அடங்கியிருக்க வேண்டும். இல்லையேல் புல்லின் நுனிகள் கலங்கிவிடும்.

அந்தத் தகடுகளுக்கு மிகவும் உகந்த பருவம் குளிர்காலமே என்று எனக்குத் தோன்றுகிறது. ஏரியின் அலைகள் பனிக்கட்டிகளைக் கரைமேல் எறிந்து மேடுகளாக அடுக்குகின்றன. பனியின்மேல் காற்று மணலைத் தூவிச் செல்கிறது. வெண்மையின்மேல் கருங்கோடுகளாக விழும் அந்த மணல், முந்தைய இரவில் காற்று வந்த வழியைக் காட்டிவிடும். நிறத்தை இழந்த கருவிக்கு நிறமற்ற பருவம் வாய்த்த வாய்ப்பு இது. கௌல்ஸும் அவருடைய துறையினரும் 1891 முதல் 1936 வரை அமெரிக்காவின் பல பகுதிகளில் எடுத்தவையும் திரட்டியவையுமான படங்கள் சுமார் 4,500, சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் கலைநயத்தைத் தேடுபவர் ஏமாறக்கூடும். மரம், மணல், சில படங்களில் அளவுக்காக நிறுத்தப்பட்ட மனிதர், அவ்வளவுதான்.

மறுபுறம், அழகுக்காக எடுத்த படங்களுக்கு நேர்ந்த கதி விசித்திரமானது. மிச்சிகன் சிட்டி துறைமுகத்தருகே ஹூசியர் ஸ்லைடு என்றொரு குன்று இருந்தது. ஏறக்குறைய 200 அடி உயரம். சிகாகோவிலிருந்து கப்பலில் வரும் உல்லாசப் பயணிகள் அதன் உச்சிக்கு ஏறிச் சறுக்கி விளையாடுவார்கள்; அதன் படம் அஞ்சலட்டைகளில் விற்பனையாயிற்று. விற்பனையானது படம் மட்டுமன்று. மணலையும் ரயில் பெட்டிகளில் அள்ளிச் சென்றார்கள். மன்சி நகரத்துப் பால் சகோதரர்களின் கண்ணாடிச் சாடிகளாகிப் பல வீட்டுச் சமையலறைகளில் ஊறுகாயும் பழப்பாகும் தாங்கியது அந்தக் குன்றுதான். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது முற்றிலும் தீர்ந்துபோனது. அந்த இடத்தில் பின்னர் மின்நிலையம் எழுந்தது. காற்று ஒரு குன்றை நகர்த்தும்; இல்லாமலாக்குவது சரக்கு ரயிலால்தான் முடிந்தது. இன்று ஹூசியர் ஸ்லைடு உள்ள ஒரே இடம் அந்த அஞ்சலட்டைகள்.

எஞ்சிய குன்றுகளைக் காக்க வேண்டும் என்ற குரல் வலுத்ததில் இந்த இழப்புக்குப் பங்குண்டு. 1916 அக்டோபரில் ஸ்டீபன் மாதர் சிகாகோவில் நடத்திய விசாரணையில் கௌல்ஸும் பேசினார். உலகப்போர் குறுக்கிட, தேசியப் பூங்கா கைகூடவில்லை. 1920களின் நடுவில் மாநிலப் பூங்கா மட்டும் அமைந்தது. குன்றுகளின் பருவங்களுக்கு நிறம் தந்தவர் ஓவியர் ஃபிராங்க் டட்லி. பூங்காவுக்குள் அமைந்த தம் குடிலுக்கு வாடகையாக ஆண்டுக்கு ஓர் ஓவியத்தை அவர் மாநிலத்துக்குக் கொடுத்துவந்தார். வாடகை வாங்கியவர்களுக்கே இதில் லாபம். 1952இல் டாரதி பியூல் தொடங்கிய குன்றுக் காப்புக் குழுவும், செனட்டர் பால் டக்ளஸும் போராடியதன் பயனாக 1966இல் தேசிய ஏரிக்கரை அறிவிக்கப்பட்டது. அதற்குள் நடுப்பகுதிக் குன்றுகள் உருக்காலைக்காகத் தரைமட்டமாகியிருந்தன. அவற்றின் மணலில் ஒரு பகுதி, எவன்ஸ்டனில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தை ஏரிக்குள் நீட்டுவதற்குப் போயிற்று. தேசியப் பூங்கா என்ற பெயர் 2019இல்தான் வந்தது.

2013 ஜூலையில் மவுண்ட் பால்டியின்மேல் நடந்த சிறுவன் ஒருவனை மணல் திடீரென்று விழுங்கியது. மூன்று மணி நேரத்துக்குப் பின் உயிருடன் மீட்டார்கள். நிலவியலாளர்கள் கண்டறிந்த காரணம் இது: குன்று நகர்ந்து மூடிய ஓக் மரங்கள் உள்ளேயே மட்கிப்போய், அவை நின்ற இடத்தில் செங்குத்தான பொந்துகள் உண்டாகியிருந்தன. மேலிருந்து பார்த்தால் வெறும் மணல். எந்த மரம் எங்கே நின்றது என்பதை அந்த மணல் காட்டாது. அதைக் காட்டக்கூடியவை, குன்று வந்து சேருமுன் அங்கே யாரோ எடுத்துவைத்த, ஆண்டு குறிக்கப்பட்ட பழைய படங்கள்.